தோலின்மேல் மின்முனை ஒட்டி உடலின் மின்சமிக்ஞைகளைப் பதிவு செய்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

தசை சுருங்கும்போதும் இதயம் துடிக்கும்போதும் மனித உடலில் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடுகள் தோன்றுகின்றன. ஊசி எதுவும் குத்தாமல், தோலின்மேல் ஒட்டும் மின்முனைகளைக் கொண்டே அவற்றைப் பதிவு செய்ய முடியும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் நம் மாணவர்கள் பலர் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக இந்தத் துறைக்குள் நுழைகிறார்கள். அவர்களுக்காகவும், ஆறாம் படிவ மாணவர்களுக்குச் செய்முறை காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதிவு தெளிவாக வருமா வராதா என்பதை, சமிக்ஞையைப் பெரிதாக்கும் பெருக்கியின் விலை தீர்மானிப்பதில்லை. மின்முனையும் தோலும் சந்திக்கும் அந்த ஒரு சதுர சென்டிமீட்டர் இடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆகவே மின்சுற்றைவிடத் தோலைப் பற்றியே இங்கு அதிகம் பேசியிருக்கிறேன்.

எதைப் பதிகிறோம்

ஓய்வில் இருக்கும் ஒரு தசை நாரின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். நரம்பின் கட்டளை வந்து சேர்ந்ததும் இந்த நிலை கணநேரம் தலைகீழாகி, அந்த மாற்றம் நாரின் நீளவாக்கில் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில் இருபுறமும் பரவுகிறது. ஒரே இயக்க நரம்பணு பல நார்களை ஒருசேர ஆள்வதாலும், ஒரு தசைக்குள் இத்தகைய குழுக்கள் பல அடுத்தடுத்து இயங்குவதாலும், தோலை வந்தடைவது அவை அனைத்தின் கூட்டுத்தொகையே. கொழுப்பையும் தோலையும் கடந்து வருவதற்குள் அது சில மைக்ரோவோல்ட் முதல் சில மில்லிவோல்ட் வரையிலான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இ.எம்.ஜி. எனப்படும் தசை மின்பதிவில் பயனுள்ள பகுதி 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும்.

இதயத்தின் சமிக்ஞை மார்பின்மேல் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் உயரம் இருக்கும், மருத்துவமனை இ.சி.ஜி. கருவிகள் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைப் பதிகின்றன. மூளையிலிருந்து தலையின் தோலை வந்தடைவதோ வெறும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் மட்டுமே. இந்த எண்களை மனத்தில் இருத்திக்கொண்டால், எதில் தொடங்குவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். முதலில் கைத்தசை, அடுத்து இதயம், பிறகு கண். மூளையை வெகுகாலம் கழித்துத் தொட்டால் போதும்.

மனித இதயத்தின் மின்சமிக்ஞையை உடலின் வெளியிலிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் லண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர், ஆண்டு 1887. பின்னர் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் தம் கம்பிக் கால்வனாமீட்டரால் அதைத் துல்லியமாக்கி, 1924இல் நோபல் பரிசு பெற்றார். ஒட்டும் மின்முனைகள் இல்லாத அக்காலத்தில், பதிவுக்கு வந்தவர்கள் இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர் நிரம்பிய பாத்திரங்களில் மூழ்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த உப்புநீர் செய்த வேலையைத்தான் இன்று மின்முனையின் நடுவில் இருக்கும் ஜெல் செய்கிறது. உடலுக்குள் மின்னோட்டத்தைச் சுமப்பவை அயனிகள்; கம்பிக்குள் சுமப்பவை எலெக்ட்ரான்கள். இரண்டுக்கும் இடையிலான கைமாற்றம் சீராக நடக்க, உப்புக் கலந்த ஈரமான ஓர் ஊடகம் தேவை.

முதலில் பாதுகாப்பு

மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உலர்ந்த தோல் மின்சாரத்துக்கு ஓரளவு தடையாக நின்று நம்மைக் காக்கிறது. பதிவுக்காக நாமோ அந்தத் தோலைத் தேய்த்து, ஜெல் தடவி, அதன்மேல் உலோகத்தை ஒட்டுகிறோம். அதாவது, இயற்கை தந்த காப்பை நாமே அகற்றிவிடுகிறோம். ஆகவே மின்முனை ஒட்டப்பட்ட ஒருவர், எந்த வழியிலும் சுவர் மின்சாரத்தோடு தொடர்புள்ள கருவியுடன் இணைக்கப்படக் கூடாது. இதற்கு விதிவிலக்கே இல்லை.

நடைமுறையில் இதன் பொருள் இதுதான். பெருக்கியும், அதன் அலையை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் நுண்கட்டுப்படுத்தியும் மின்கலத்தால் மட்டுமே இயங்க வேண்டும். தரவைக் கணினிக்குப் புளூடூத் வழியாக அனுப்புவது எல்லாவற்றிலும் நல்லது. யூ.எஸ்.பி. கம்பிதான் வழி என்றால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, வெளித்திரை, அச்சுப்பொறி, இணையக் கம்பி ஆகிய எதுவும் அதில் செருகப்படவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். சார்ஜர் செருகிய சில மடிக்கணினிகளின் உலோக மேற்பரப்பை விரலால் தடவினால் மெல்லிய விறுவிறுப்பை உணரலாம். சார்ஜரின் உட்சுற்று வழியாகக் கசியும் மின்சாரம் அது. தேய்த்த தோலில் ஒட்டிய மின்முனைக்கு அது போய்ச் சேர நாம் வழிவிடக் கூடாது. பவர்பேங்க் பயன்படுத்துபவர்கள், பதிவு நடக்கும்போது அதற்கே மின்னேற்றம் செய்துகொண்டிருக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 தரநிலை, உடலின்மேல் இணைக்கப்படும் கருவியிலிருந்து இயல்பு நிலையில் உடல்வழிக் கசியும் மாறுதிசை மின்னோட்டம் 0.1 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது என்றும், இதயத்தோடு நேரடியாகத் தொடர்புபடும் கருவியானால் 0.01 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. நாம் மேசையில் இணைக்கும் சுற்று அத்தகைய சோதனை எதற்கும் உட்படாதது. எனவே ஒவ்வொரு மின்முனைக் கம்பியிலும் 100 கிலோஓம் அளவிலான தொடர்மின்தடை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சுற்று பழுதாகி 3.3 வோல்ட் முழுவதும் கம்பியில் வந்துவிட்டாலும் உடல்வழிச் செல்வது 0.033 மில்லிஆம்பியரைத் தாண்டாது.

இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களையும், தோல்நோயோ காயமோ உள்ளவர்களையும் இந்தப் பயிற்சிக்கு உட்படுத்த வேண்டாம். பிற்பகல் இடிமழை நம் ஊரில் வழக்கமானது. இடி கேட்கத் தொடங்கினால் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஓய்வெடுங்கள். பள்ளி மாணவர்களானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வானால் அங்குள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் திட்டம் தொடங்கும் முன்பே பெற வேண்டும்; பதிவெல்லாம் முடிந்த பிறகு கேட்டால் அந்தத் தரவைப் பயன்படுத்த வழியிருக்காது. செய்த கருவியை மருத்துவப் பயன்பாட்டுக்கு விற்கும் எண்ணம் பிறந்தால், 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம் குறுக்கே வரும். அரசிடம் பதிவு செய்யப்படாத கருவியை விற்க அது இடம் தராது.

கருவிகள்

கோலாலம்பூரில் இருப்பவர்கள் புடு வட்டாரத்தின் ஜாலான் பாசாருக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. மின்னணு உதிரிப்பாகக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. மின்தடை, கம்பி, மின்கலப் பெட்டி, கவசம் போட்ட கேபிள் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் குடும்பத்தினரோ உறவினரோ வேலை செய்யும் பினாங்கு மாணவர்களுக்கு அறிவுரை கேட்க ஆள் கிடைப்பது எளிது. மின்னணுச் சுற்றைக் கண்ணால் பார்த்தே குறை சொல்லக்கூடியவர்கள் அந்தத் தீவில் நிறைய இருக்கிறார்கள்.

பெருக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பொறி உண்டு. ஏ.டி.8232 என்ற சில்லைக் கொண்ட சிறிய பலகை மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருப்பதால் பலர் அதையே வாங்கித் தசைக்கும் பயன்படுத்த முயல்கிறார்கள். அந்தச் சில்லு இதயத்துடிப்புக்காக வடிவமைக்கப்பட்டது. சந்தையில் வரும் பலகைகளில் அதைச் சுற்றி அமைக்கப்படும் வடிகட்டி ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். தசைச் சமிக்ஞையின் பெரும்பகுதியோ 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் குவிந்திருக்கிறது. எனவே இதயத்துக்கு அது போதும். தசைக்கு, 20 முதல் 450 அல்லது 500 ஹெர்ட்ஸ் வரை கடத்தும் பலகையைத் தேடி வாங்குங்கள். பதப்படுத்தாத மூல அலையை வெளியிடும் பலகையாக இருப்பது முக்கியம். சில பலகைகள் அலையை நேராக்கிச் சீராக்கிய வளைவை மட்டுமே தரும். அதில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பெருக்கியின் இன்னோர் இயல்பு பொதுநிலை விலக்கு விகிதம். நம்மைச் சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து உடல் முழுவதும் ஒரே அளவாக 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. இரு மின்முனைகளுக்கும் பொதுவான அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு, அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் பெருக்குவதே கருவியின் வேலை. விகிதம் 80 டெசிபல் என்றால் பொதுப் பகுதி 10,000 மடங்கு குறைக்கப்படுகிறது. உடலில் 100 மில்லிவோல்ட் ஏறியிருந்தால் 10 மைக்ரோவோல்ட் எஞ்சும். 100 டெசிபல் என்றால் எஞ்சுவது 1 மைக்ரோவோல்ட்தான்.

தரவை எண்ணாக மாற்றும் வேகத்தில் கவனம் தேவை. 500 ஹெர்ட்ஸ் வரையிலான சமிக்ஞைக்கு நொடிக்குக் குறைந்தது 1000 மாதிரிகள் எடுக்க வேண்டும். 2000 எடுத்தால் நிம்மதி. ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையில் பழகியவர்கள் கணினிக்குத் தரவு அனுப்ப வழக்கமாக வைக்கும் 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் மட்டுமே செல்லும். ஒரு மாதிரிக்கு ஐந்தாறு எழுத்துகள் என்றால் நொடிக்கு இருநூறு மாதிரிகூடப் போய்ச் சேராது. திரையில் ஏதோ ஓர் அலை தெரியும், ஆனால் அது தசையின் அலையாக இருக்காது. 115200க்குக் கீழே வைக்காதீர்கள்.

பெருக்கத்தைக் கணக்கிடுவது எளிது. 3.3 வோல்ட்டை 12 பிட்டாக, அதாவது 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.8 மில்லிவோல்ட். பெருக்கம் 1000 மடங்கு என்றால், தோலில் அது 0.8 மைக்ரோவோல்ட்டுக்குச் சமம். 1 மில்லிவோல்ட் தசைச் சமிக்ஞை 1 வோல்ட்டாக வெளிவரும், விளிம்பில் மோதாது. பெருக்கத்தை இதைவிடக் கூட்டத் தூண்டுதல் வரும். வேண்டாம், வலுவாகச் சுருக்கும்போது அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டுப்பட்டுவிடும்.

தோலைத் தயார் செய்தல்

இனி உண்மையான வேலை தொடங்குகிறது. தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களாலான மெல்லிய கொம்புப் படலம் ஒன்று இருக்கிறது. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஆனால் மின்தடையின் பெரும்பங்கு அதற்குள்தான் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் ஒட்டினால் நூற்றுக்கணக்கான கிலோஓமாக இருக்கும் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு எதிரான மொத்தத் தடை), சரியாகத் தேய்த்த தோலில் சில கிலோஓமாகக் குறைந்துவிடும்.

மின்மறுப்பு அதிகமாக இருப்பதைவிட, இரு மின்முனைகளுக்கும் இடையே அது வேறுபட்டிருப்பதே பெருந்தொல்லை. ஒரு முனையில் 10 கிலோஓமும் மறுமுனையில் 200 கிலோஓமும் இருந்தால், உடல் முழுவதும் ஒரே அளவாக இருந்த 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் பெருக்கியின் இரு வாயில்களையும் வெவ்வேறு அளவில் வந்தடைகிறது. பெருக்கி அதை உண்மையான வேறுபாடு என்று எடுத்துக்கொண்டு ஆயிரம் மடங்கு பெருக்கித் தருகிறது. விலையுயர்ந்த பெருக்கியும் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். ஆகவே இரண்டு இடங்களையும் ஒரே விதமாக, ஒரே அளவு அழுத்தத்தோடு தயார் செய்யுங்கள்.

கை வைக்கும் முன் கேட்க வேண்டியவை சில. எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா, கைக்கு ஏதேனும் லோஷன் பூசினீர்களா? சனிக்கிழமைப் பயிற்சிக்கு நல்லெண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வரும் ஆண்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சீயக்காய் போட்டுக் குளித்தாலும் தோலின் வரிகளில் எண்ணெய் தங்கியிருக்கும். மின்முனையின் பசை பிடிக்காது, ஜெல்லும் தோலுக்குள் இறங்காது. கோயிலுக்குப் போய்விட்டு வந்தவரின் கையிலும் நெற்றியிலும் இருக்கும் திருநீறும் சந்தனமும் உலர்ந்த பொடியாக இடையில் நின்று தொடர்பைக் கெடுக்கும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, துண்டால் ஒற்றி உலர்த்தச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டிய காப்புக் கயிறும் வளையலும் கம்பியில் இடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், கழற்ற முடிந்தால் கழற்றவும் முடியாவிட்டால் மேலே ஏற்றி நாடாவால் ஒட்டவும் சொல்லுங்கள். விரதத்துக்காகக் கட்டிய கயிற்றை அவிழ்க்க யாரையும் வற்புறுத்த வேண்டாம். மறுகையில் பதிவு செய்தால் போயிற்று.

அடுத்து, ரோமம் அடர்ந்த இடமானால், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் சவரக்கத்தியால் அவ்விடத்தை மட்டும் மழிக்க வேண்டும். பிறகு 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துடைப்பானால் துடைத்து, அது முழுவதும் ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே ஒட்டுவது புதியவர்கள் அவசரத்தில் செய்வது. நம் ஊரின் ஈரப்பதத்தில் ஆவியாகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

தேய்ப்பதற்கு மருத்துவ ஒட்டுநாடாவே போதும். நாடாவை ஒட்டி உரித்தால் இறந்த செல்கள் அதோடு வந்துவிடும். இதை ஒரே இடத்தில் சில முறை செய்யுங்கள். மிக நுண்ணிய உப்புத்தாள் வைத்திருப்பவர்கள் அதால் மூன்று நான்கு முறை இலேசாகத் தேய்க்கலாம். தோல் சற்றே இளஞ்சிவப்பாக மாறுவதே போதுமான அடையாளம். எரிச்சலோ இரத்தக் கசிவோ தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். தேய்ப்பதால் இன்னொரு பயனும் உண்டு. தோல் இழுபடும்போது அதன் படலங்களுக்கு இடையிலேயே சில மில்லிவோல்ட் மாற்றம் ஏற்படுகிறது. கை அசையும்போது பதிவில் தோன்றும் ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு இதுதான். படலத்தைத் தேய்த்த தோலில் அது வெகுவாகக் குறைகிறது.

மின்முனையைத் தேர்ந்து ஒட்டுதல்

வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் சேர்ந்த, நடுவில் ஜெல் உள்ள, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் மின்முனைகளையே வாங்குங்கள். இ.சி.ஜி.க்காக விற்கப்படும் இவை மருத்துவப் பொருள் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். செம்பையோ துருப்பிடிக்காத எஃகையோ ஒட்டினால், உலோகமும் ஜெல்லும் தொடும் இடத்தில் மின்னூட்டம் தேங்கி, பதிவின் அடிக்கோடு ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளிக் குளோரைடு இருபுறமும் எளிதில் நிகழும் வேதிவினையால் அந்தத் தேக்கத்தைத் தடுக்கிறது.

பொட்டலத்தின் காலாவதி நாளைப் பாருங்கள். அதைவிட முக்கியம், பொட்டலம் எப்போது திறக்கப்பட்டது என்பது. குளிர்சாதன அறையில் வாய் திறந்து கிடந்த பொட்டலத்தில் ஜெல் காய்ந்து, விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாமல் ரப்பர் போல் இருக்கும். அதைக் குப்பையில் போடுவதே சரி. இரண்டு மின்முனைகளும் ஒரே பொட்டலத்திலிருந்து வர வேண்டும். வெவ்வேறு நிறுவனத்தின் மின்முனைகளை இணைத்தால் அவற்றுக்கிடையே நிலையான மின்னழுத்த வேறுபாடு ஒன்று உண்டாகி, பெருக்கியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முதற்பதிவுக்கு மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசையே ஏற்றது. தோள்பட்டையின் உச்சி எலும்பையும் முழங்கையின் உட்குழியையும் இணைக்கும் கோட்டைக் கற்பனை செய்து, முழங்கையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் குறியிடுங்கள். ஐரோப்பிய வல்லுநர்கள் சேர்ந்து வகுத்த செனியம் பரிந்துரைகள் காட்டும் இடம் அது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, எதிராளியின் கை தடுக்க வலுவாக மடக்கச் சொன்னால், தசை உருண்டு எழுவதை விரலால் உணரலாம். இரண்டு மின்முனைகளையும் அந்தக் கோட்டின் நீளவாக்கில், நடுப்புள்ளிகளுக்கு இடையே 20 மில்லிமீட்டர் இருக்குமாறு ஒட்ட வேண்டும். பெரிய வட்டப் பசை கொண்ட இ.சி.ஜி. மின்முனைகளை இவ்வளவு நெருக்கமாக ஒட்ட முடியாவிட்டால் விளிம்பைக் கத்தரித்துக்கொள்ளலாம். ஜெல் பகுதியைத் தொடக் கூடாது, இரண்டின் ஜெல்லும் ஒன்றையொன்று தொடவும் கூடாது. தொட்டுவிட்டால் இடையிலுள்ள வேறுபாடு மறைந்து, சமிக்ஞை ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

நீளவாக்கு ஏன் முக்கியம் என்றால், அலை நார் வழியே ஓடுகிறது. குறுக்கே ஒட்டினால் இரு முனைகளையும் அது ஒரே நேரத்தில் கடந்து, கழித்தலில் காணாமற்போகும். அதே காரணத்தால், நரம்பு தசைக்குள் நுழையும் பகுதியின் இருபுறமும் சமதூரத்தில் ஒட்டுவதும் கூடாது. அங்கிருந்து அலைகள் இருதிசையிலும் ஒரேபோல் புறப்படுவதால் ஒன்றையொன்று அழித்துவிடும். குறியிட்ட இடத்தில் சமிக்ஞை சிறிதாக வந்தால், மின்முனையை ஒரு சென்டிமீட்டர் முழங்கைப் பக்கம் நகர்த்தி ஒட்டிப் பாருங்கள்.

ஒட்டும்போது நடுவில் அழுத்தாதீர்கள். ஜெல் வெளியே பிதுங்கிவிடும். விரலை விளிம்பில் சுற்றி ஓட்டிப் பசையை மட்டும் அழுத்துங்கள். சுற்றுக்குப் பொது அடிப்படையாக நிற்கும் மூன்றாவதான ஒப்பு மின்முனையை மணிக்கட்டு எலும்பின்மேல் ஒட்டலாம். எல்லாம் ஒட்டிய பின் சில நிமிடங்கள் காத்திருந்தால், ஜெல் தோலுக்குள் ஊறி மின்மறுப்பு இன்னும் இறங்கும். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, சிறு வளையம் ஒன்றைத் தளர்வாக விட்டு, கையோடு சேர்த்து நாடாவால் ஒட்டுங்கள். ஊசலாடும் கம்பி தானாகவே சமிக்ஞை உண்டாக்கும்.

முதற்பதிவும் கோளாறு தேடலும்

கையை மேசையில் வைத்து முழுத் தளர்ச்சியில் 10 நொடி, பிறகு 3 நொடி மடக்கல், 5 நொடி ஓய்வு என்ற முறையில் சில சுற்றுகள் பதியுங்கள். தளர்ச்சியில் கோடு சில மைக்ரோவோல்ட் தடிப்பில் நேராக ஓட வேண்டும். மடக்கியவுடன் அடர்ந்த, ஒழுங்கற்ற, மேலும் கீழும் சமமான அலைத்திரள் எழ வேண்டும். விட்டவுடன் அடங்க வேண்டும். அந்த ஒழுங்கின்மைதான் உயிருள்ள தசையின் அடையாளம். வடிவம் அழகாக, சீராக, திரும்பத் திரும்ப ஒரேபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள்: 20 மில்லிநொடிக்கு ஒருமுறை அதே அலை வந்தால், நீங்கள் பார்ப்பது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்.

அப்போது செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒப்பு மின்முனை ஒட்டியிருக்கிறதா, கவ்வி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நேரங்களில் குறை அங்கேதான் இருக்கும். அடுத்து, மேசைக்கு அடியில் ஓடும் நீட்டிப்புக் கம்பி, சார்ஜர், மேசைவிளக்கு ஆகியவற்றை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். மின்விசிறியையும் நிறுத்திப் பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் மின்முனைகளைக் கழற்றி, தோலை மீண்டும் தயார் செய்து, புதியவற்றை ஒட்டுங்கள். மென்பொருளில் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் வடிகட்டியை இயக்கிக் கோளாறை மறைக்கலாமே என்று தோன்றும். தசைச் சமிக்ஞைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தசையின் சொந்த ஆற்றல் அதே 50 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான் நிறைய இருக்கிறது. வடிகட்டி இரண்டையும் சேர்த்தே வெட்டும்.

மெதுவாக மேலும் கீழும் அலையும் அடிக்கோடு பெரும்பாலும் அசைவாலோ வியர்வையாலோ வருவது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்கும் வடிகட்டி அதைப் பெருமளவு சரிசெய்யும். வெயிலில் நடந்து வந்தவரை உடனே பதிவுக்கு உட்கார வைக்காமல், வியர்வை அடங்கும் வரை காத்திருங்கள். மாறாக, குளிர்சாதனத்தை 18 பாகைக்கு இறக்கிவிட்டால் வேறொரு தொல்லை வரும். குளிரில் மெல்ல நடுங்கும் தசை, தளர்ச்சி நேரத்திலும் ஓயாமல் சமிக்ஞை தரும். அதைக் கருவியின் இரைச்சல் என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். ஒரு போர்வை கொடுத்தால் தீரும் பிரச்சினை அது.

நல்ல மூல அலை கிடைத்த பிறகு கணக்கீடு எளிது. சராசரியைக் கழித்து, 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, எதிர்க்குறிகளை நேர்க்குறியாக்கி, 100 மில்லிநொடிச் சாளரத்தில், அதாவது நகரும் சிறு காலத்துண்டில், சராசரி எடுத்தால், தசையின் முயற்சியைக் காட்டும் சீரான வளைவு கிடைக்கும். அந்த வளைவின் உயரத்தை இருவரிடையே ஒப்பிட்டு யாருக்குப் பலம் அதிகம் என்று முடிவு கட்டக் கூடாது. தோலின் கீழுள்ள கொழுப்பின் தடிப்பும் மின்முனையின் இடமும் அதை மாற்றிவிடும். அவரவருடைய உச்சபட்ச முயற்சியை முதலில் பதிந்து, அதன் விழுக்காடாகவே மற்றவற்றைச் சொல்ல வேண்டும்.

இதயம், கண், மூளை

இதயப் பதிவுக்கு வலது காறை எலும்புக்குக் கீழே ஒன்று, இடது காறை எலும்புக்குக் கீழே ஒன்று, வலது கீழ்விலா எலும்பின்மேல் ஒப்பு மின்முனை என்று மூன்று போதும். கம்பிகளின் நிறத்தை நம்ப வேண்டாம். ஐரோப்பிய முறையில் வலக்கைக்குச் சிவப்பு, அமெரிக்க முறையில் வெள்ளை; மலிவான பலகைகள் இரண்டையும் பின்பற்றாமல் வருவதுண்டு. பலகையில் அச்சிட்ட எழுத்தையே பாருங்கள். சிறு மேடு, கூர்மையான உச்சி, அகன்ற மேடு என்ற மூன்றும் வரிசையாகத் தெரிய வேண்டும். அவற்றுக்குப் பி, க்யூ.ஆர்.எஸ்., டி என்று பெயரிட்டவர் ஐந்தோவன்தான். எல்லாம் தலைகீழாகத் தெரிந்தால் இரு கைக் கம்பிகளும் இடம் மாறியிருக்கும் என்பதையே முதலில் நினையுங்கள். இந்தப் பதிவை வைத்து யாருக்கும் நோய் உண்டு, இல்லை என்று சொல்லாதீர்கள். நெஞ்சுவலியோ படபடப்போ இருப்பவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மார்பில் ஒட்ட வேண்டியிருப்பதால், பெண்களுக்குப் பெண்ணே மின்முனை ஒட்டுவது, தனியறை ஒதுக்குவது போன்ற ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்யுங்கள். இரு மணிக்கட்டுகளிலும் ஒட்டினாலும் சற்றுச் சிறிதான, ஆனால் தெளிவான பதிவு கிடைக்கும்.

கண்ணின் முன்பகுதி விழித்திரையைவிட நேர்மின்னழுத்தம் உடையது. இரு கண்களின் வெளியோரத்திலும் ஒவ்வொரு மின்முனை ஒட்டி, இடமும் வலமும் பார்க்கச் சொன்னால், படிக்கட்டைப் போல் ஏறி இறங்கும் பதிவு கிடைக்கும். முகத்தோல் மென்மையானது; அங்கே உப்புத்தாள் வேண்டாம். மூளைப் பதிவைப் பொறுத்தவரை, தசைப் பதிவில் தளர்ச்சிக் கோடு சில மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கும் கைத்திறன் வந்த பிறகே முயலுங்கள். அதற்கு முன் செய்தால் பதிவாவது பெரும்பாலும் நெற்றித் தசையும் கண் சிமிட்டலும்தான்.

குறிப்பெழுதுதலும் கழற்றுதலும்

ஒவ்வொரு கோப்போடும் மின்முனை ஒட்டிய இடம், இடைவெளி, எந்தப் பக்கக் கை, மாதிரி வேகம், பெருக்கம், வடிகட்டி எல்லைகள், அறையின் வெப்பநிலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். பங்கேற்றவரின் பெயருக்குப் பதில் குறியெண் இடுங்கள். உடல்நலத் தரவு அவருக்குச் சொந்தமானது. ஒட்டிய மின்முனைகளை அடிக்கோலோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்தால், அடுத்த வாரம் அதே இடத்தில் ஒட்டுவதற்கு உதவும். முகம் படத்தில் வர வேண்டாம்.

கழற்றும்போது மின்முனையைத் திடீரென்று இழுக்காமல், ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரோமம் சாயும் திசையில் மெதுவாக உரியுங்கள். ஜெல்லை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்தைக் கழுவச் சொல்லுங்கள். தேய்த்த இடத்தின் சிவப்பு சில மணி நேரத்தில் மறைந்துவிடும். மறுநாளும் அரிப்பு இருந்தால் அவருக்கு அந்தப் பசை ஒவ்வாது என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை வேறு வகையைப் பயன்படுத்துங்கள். பயன்படுத்திய மின்முனையை அதே மனிதருக்குக்கூட மீண்டும் ஒட்ட வேண்டாம். கவ்விகளில் காய்ந்த ஜெல் உப்பாகப் படிந்து உலோகத்தை அரிக்கும் என்பதால், அன்றன்றே ஆல்கஹாலால் துடைத்து, கம்பிகளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.